வானமா, கண்ணாடியா? விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவை வீட்டிலிருந்தே படிப்பது எப்படி

என் தொழில் கணக்குத் தணிக்கை. பகல் முழுக்க ரசீதையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பேன். ஒன்பது வருடங்களாக இரவில் செய்வதும் அதே மாதிரியான வேலைதான். ஹபிளும் சந்திராவும், இப்போது ஜேம்ஸ் வெப்பும் எழுதிவைத்த கணக்குகளைத் திறந்து பார்க்கிறேன்.

அந்தக் கணக்குகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. இது பலருக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு விஞ்ஞானிக் குழு நேரம் கேட்டு வாங்கி எடுத்த தரவு சில மாதங்களுக்கு, அதிகம் போனால் ஓராண்டுக்கு, அவர்களுக்கு மட்டும் உரியது. அதன்பின் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பட்டம் வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம், கட்டணமும் கிடையாது. வேண்டியது பொறுமையும், பார்த்ததை உடனே நம்பிவிடாத பழக்கமும்.

பத்திரிகைகளில் வரும் வண்ணப் படம் ஆண்டிறுதி இருப்புநிலைக் குறிப்பைப் போன்றது. சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு அடியில் நூற்றுக்கணக்கான ரசீதுகள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. படத்தில் தெரியும் ஒவ்வொரு புள்ளியிடமும், கோட்டிடமும், ஓட்டையிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீ வானத்தில் இருக்கிறாயா, கருவி உன்னை உண்டாக்கியதா? நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான்.

கருவிகள்

சாதாரணக் கணினி போதும். 8 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது, டிஸ்க்கில் தாராளமாக இடம் இருக்கவேண்டும். இரண்டு இலவச மென்பொருள்களை நிறுவுங்கள். படங்களைத் திறக்க டிஎஸ்9, பெரிய அட்டவணைகளைப் பார்க்கவும் வரைபடம் போடவும் டாப்கேட். பைத்தானும் அதன் ஆஸ்ட்ரோபை தொகுப்பும் பிறகு தேவைப்படும். முதல் மாதம் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வானத்தைப் பார்ப்பதற்கு முன்பே நிரலுக்குள் மூழ்கிவிடுகிறார்கள்.

தரவு வருவது ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவில். 1981 முதல் வானியலில் புழங்கிவரும் வடிவம் அது. ஒவ்வொரு ஃபிட்ஸ் கோப்புக்கும் ஒரு தலைப்புப் பகுதி உண்டு: எந்தத் தேதி, எந்தக் கருவி, எந்த ஃபில்டர், எத்தனை விநாடி வெளிச்சம் வாங்கியது, எல்லாம் அதில் எழுதியிருக்கும். படத்தைப் பார்க்கும் முன் அதைப் படியுங்கள். இந்த ஒழுங்கு என் பல இரவுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

முதல் பயிற்சி: கார்த்திகை

எடுத்த எடுப்பில் கருந்துளைக்குப் போகாதீர்கள். கார்த்திகை விண்மீன் கொத்தில் தொடங்குங்கள். கண்ணால் பார்த்தால் ஆறு ஏழு விண்மீன்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா தொலைநோக்கி அங்கே என்ன அளந்திருக்கிறது என்று பார்ப்போம்.

கையா 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டது, 2025 ஜனவரியில் அளப்பதை நிறுத்தியது. 2022 ஜூனில் வெளிவந்த அதன் மூன்றாம் தரவுத் தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்கள் இருக்கின்றன. டாப்கேட்டுக்கு உள்ளிருந்தே அந்தக் காப்பகத்தைத் தேடலாம். வானத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் தீர்க்கரேகை, அட்சரேகை போன்றவை வல ஏற்றமும் நடுவரை விலக்கமும். நடுப்புள்ளியாக வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் வடக்கே 24.12 பாகை என்று கொடுங்கள். ஆரம் 2 பாகை. ஒளிர்வெண் (பிரகாசத்தின் அளவு, எண் கூடக்கூட மங்கல்) 18-ஐவிட மங்கலானவற்றை விட்டுவிடுங்கள்.

பல்லாயிரம் வரிசைகள் வந்து விழும். அவற்றில் பெரும்பாலானவை கார்த்திகையைச் சேர்ந்தவை அல்ல, அதே திசையில் முன்னேயும் பின்னேயும் இருப்பவை. குடும்பத்தைப் பிரித்தெடுப்பது எப்படி? ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாக நகரும். கார்த்திகை விண்மீன்கள் வானத்தில் ஆண்டுக்குக் கிழக்கே சுமார் 20, தெற்கே சுமார் 45 மில்லி ஆர்க் விநாடி நகர்கின்றன. (ஒரு பாகையில் 3,600 ஆர்க் விநாடி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆர்க் விநாடி.) இரு நகர்வுகளையும் இரு அச்சுகளில் வைத்து வரைந்தால், பூஜ்யத்தைச் சுற்றி ஒரு பெரிய மங்கல் கூட்டமும், அதிலிருந்து விலகி ஒரு சின்ன அடர்த்தியான முடிச்சும் தெரியும். அந்த முடிச்சுதான் கார்த்திகை. முதன்முதலாக அது என் திரையில் தோன்றியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆயிரக்கணக்கான அந்நியர்களுக்கு நடுவிலிருந்து ஒரு குடும்பம் தானாகப் பிரிந்து வந்து நின்றது.

முடிச்சை மட்டும் தேர்ந்தெடுத்து இடமாறு தோற்ற அளவைப் பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு விண்மீன் எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்பதே அது, அருகில் இருந்தால் அதிகம் தள்ளும். பெரும்பாலும் 7.36 மில்லி ஆர்க் விநாடியை ஒட்டியே இருக்கும். 1000-ஐ அதால் வகுத்தால் 136 பார்செக், அதாவது சுமார் 443 ஒளியாண்டு. தூரத்தை நீங்களே அளந்துவிட்டீர்கள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் நீண்ட வழக்கு ஒன்று உண்டு. கையாவின் முன்னோடியான ஹிப்பார்க்கஸ் 1997-இல் தந்த பட்டியலின்படி கார்த்திகை சுமார் 118 பார்செக் தொலைவில் இருந்தது. மற்ற வழிகளில் அளந்தவர்களுக்கு 130-க்கு மேல் வந்தது. ஹிப்பார்க்கஸ் சரியென்றால் இளம் விண்மீன்களைப் பற்றிய நம் இயற்பியலில் ஏதோ பிழை இருக்கவேண்டும். வருடக்கணக்காக வாதாடினார்கள். 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தபோது 136 வந்தது. கையாவும் அதையே சொன்னது. இயற்பியல் சரியாகவே இருந்தது. கோளாறு ஹிப்பார்க்கஸின் அளவீட்டில்தான். இவ்வளவு பெரிய கருவிக்கே இந்த நிலைமை என்றால், நம் மடிக்கணினியில் தெரியும் ஒரு புள்ளியை நாம் எவ்வளவு சந்தேகப்படவேண்டும்!

இனி நிறத்தை கிடை அச்சிலும் ஒளிர்வெண்ணை நிலை அச்சிலும் வைத்து, பிரகாசமானவை மேலே வரும்படி வரையுங்கள். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு மெல்லிய கோடு ஒன்று இறங்கும். உற்றுப் பார்த்தால் அதற்குச் சற்று மேலே, முக்கால் ஒளிர்வெண் தள்ளி, இன்னொரு மங்கலான கோடு தெரியும். அவை இரட்டைகள். சம எடையுள்ள இரண்டு விண்மீன்கள் ஒரே புள்ளியாகத் தெரிவதால் வெளிச்சம் இரு மடங்காகிவிடுகிறது.

அட்டவணையில் 'ரூவே' என்று ஒரு நெடுவரிசை இருக்கும். ஒற்றை விண்மீன் என்று வைத்துப் போட்ட கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு அது. 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 1.4-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. தொடக்கத்தில் நான் அத்தகைய வரிசைகளையெல்லாம் பிழை என்று நீக்கிவிடுவேன். இப்போது தனியாக எடுத்து வைக்கிறேன். கணக்கு பொருந்தாததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அந்த விண்மீனை ஆட்டிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

வெப்பின் முட்கள்

அடுத்தது படம். மாஸ்ட் என்ற காப்பகத்துக்குப் போங்கள். ஹபிள், வெப், கெப்ளர், டெஸ் எல்லாவற்றின் தரவும் அங்கே இருக்கிறது. வெப் தொலைநோக்கியின் திட்ட எண் 2732-ஐத் தேடுங்கள். 2022 ஜூலை 12 அன்று வெளியான முதல் படங்களுள் ஒன்றான ஸ்டீபனின் ஐவர் கேலக்ஸிக் கூட்டம் அது. கோப்புப் பெயர் 'ஐ2டி' என்று முடிபவற்றை எடுங்கள். பல படப்பிடிப்புகளைச் சேர்த்து நேர்செய்து முடித்தவை அவை. கோப்புகள் பெரியவை. முதலில் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியின் ஒரே ஒரு ஃபில்டரை மட்டும் இறக்குங்கள்.

டிஎஸ்9-இல் திறந்தால் ஏறக்குறைய கறுப்பாகத்தான் இருக்கும். பயப்படவேண்டாம். மிகப் பிரகாசமான பிக்சலுக்கும் மங்கலானதற்கும் இடையிலான வித்தியாசம் திரை காட்டக்கூடியதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். அளவுகோலை மடக்கைக்கு மாற்றி, எல்லையை 99.5 சதவீதத்தில் வையுங்கள். இருட்டிலிருந்து கேலக்ஸிகள் எழுந்து வரும். எந்த அளவுகோலில் பார்த்தீர்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அளவுகோலை மாற்றினால் வடிவமே மாறித் தோன்றும்.

கூட்டத்தின் உச்சியில் இருக்கும் கேலக்ஸி என்ஜிசி 7319-இன் நடுவைப் பாருங்கள். ஒரு விண்மீனுக்கு இருப்பதுபோல் எட்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முட்கள் வானத்தில் இல்லை. வெப்பின் 6.5 மீட்டர் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அந்த அறுகோண விளிம்புகளால் ஆறு முட்கள். துணைக் கண்ணாடியைத் தாங்கும் மூன்று கால்களும் முட்களை உண்டாக்கும். அவற்றில் நான்கு முந்தியவற்றின் மேலேயே விழும்படி கால்களை வடிவமைத்திருக்கிறார்கள், மீதி இரண்டு கிடையாக நிற்கும். ஹபிளில் நான்கு கால்கள், அதனால் நான்கே முட்கள். முட்களை எண்ணினாலே எடுத்தது யார் என்று சொல்லிவிடலாம்.

ஆக, முட்கள் கண்ணாடியின் கைவேலை. அதோடு அவற்றை ஒதுக்கிவிட்டால் முக்கியமானதைத் தவறவிடுவீர்கள். பரந்து கிடக்கும் வெளிச்சத்துக்கு முட்கள் இப்படிக் கூர்மையாக வராது. ஒரு கேலக்ஸியின் நடுவில் அவை தெரிகின்றன என்றால், அந்த வெளிச்சத்தின் பெரும்பகுதி தொலைநோக்கியால் பிரித்தறிய முடியாத அளவு சின்ன இடத்திலிருந்து வருகிறது என்று பொருள். எவ்வளவு சின்னது? 7.7 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பு ஒளியில் வெப்பின் கூர்மை சுமார் கால் ஆர்க் விநாடி. அந்தக் கேலக்ஸி சுமார் 29 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கால் ஆர்க் விநாடியை 2,06,265-ஆல் (கோணத்தைத் தூரமாக மாற்ற உதவும் எண்) வகுத்து 29 கோடியால் பெருக்குங்கள், சுமார் 350 ஒளியாண்டு வரும். அதற்குள் 4,000 கோடி சூரியன்களுக்குச் சமமான ஒளி பிறக்கிறது. சூரியனைப்போல் 2.4 கோடி மடங்கு எடையுள்ள கருந்துளை ஒன்று அங்கே வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி போட்ட முள்ளைப் பிடித்துக்கொண்டே அந்தக் கருந்துளையின் வாசல் வரை வந்துவிட்டோம்.

அதே படத்தின் இடப்பக்கக் கேலக்ஸி என்ஜிசி 7320. மற்ற நால்வரோடு நெருக்கமாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அது 4 கோடி ஒளியாண்டு தொலைவில்தான் இருக்கிறது. தற்செயலாக ஒரே திசையில் விழுந்தது, அவ்வளவுதான். கார்த்திகையில் அந்நியர்களைப் பிரித்தது நினைவிருக்கட்டும்.

மூன்று வாரம் தின்ற புள்ளி

முதல் வருடம் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். ஹபிள் எடுத்த ஒரு கேலக்ஸியின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி. பழைய படத்தில் அது இல்லை. சூப்பர்நோவா, அதாவது வெடிக்கும் விண்மீன், என்றே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் தூக்கம் கெட்டு அதன் பிரகாசத்தை அளந்துகொண்டிருந்தேன். பிறகுதான், நான் பார்த்தது பலவற்றைச் சேர்த்த படம் அல்ல, ஒற்றைப் படப்பிடிப்பு என்பதைத் தலைப்புப் பகுதியில் கவனித்தேன். சில நிமிடம் கழித்து எடுத்த அடுத்த படப்பிடிப்பைத் திறந்தேன். புள்ளி இல்லை. டிடெக்டரில் மோதிய ஒரு காஸ்மிக் கதிர் அது, விண்வெளியில் வேகமாகப் பாயும் நுண்துகள்.

அன்றிலிருந்து மூன்று சோதனைகளை விடுவதே இல்லை. அடுத்த படப்பிடிப்பிலும் இருக்கிறதா என்பது முதலாவது. தொலைநோக்கியை ஒவ்வொரு முறையும் சில பிக்சல் நகர்த்தி எடுப்பார்கள். வானத்துப் பொருள் அதற்கேற்ப வேறு பிக்சலில் விழும், கெட்டுப்போன பிக்சலோ அதே இடத்தில் நிற்கும். இது இரண்டாவது. மூன்றாவது கூர்மை. ஹபிளின் ஏசிஎஸ் கேமராவில் ஒரு பிக்சல் 0.05 ஆர்க் விநாடி. எந்த விண்மீனும் இரண்டு மூன்று பிக்சலுக்காவது பரவியே தீரும். ஒற்றைப் பிக்சலில் கத்திபோல் நின்றால் அது கண்ணாடி வழியாக வந்த ஒளியே அல்ல.

கோடுகளை மட்டும் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். வளைந்த மெல்லிய கோடு சிறுகோளின் தடமாக இருக்கலாம். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், பொதுமக்களும் கணினி நிரலும் சேர்ந்து ஹபிளின் இருபது ஆண்டுப் படங்களைச் சலித்து 1,701 தடங்களை எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை.

சந்திராவின் எண்ணிக்கை

எக்ஸ் கதிர் தொலைநோக்கியான சந்திரா 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த மிச்சம்) ஒன்று சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் தாங்காது என்று கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அந்த வரம்புக்கு அப்பால்தான் நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும் தொடங்குகின்றன.

சந்திராவின் கோப்பு படமே அல்ல, பட்டியல். ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) எங்கே விழுந்தது, எந்த நேரம், எவ்வளவு ஆற்றல் என்று ஒன்றுக்கு ஒரு வரி. எனக்கு மிகப் பிடித்த தரவு இதுதான். ஒரு முழு இரவுப் பதிவில் ஒரு மூலத்திலிருந்து ஒன்பது ஃபோட்டான் மட்டும் வந்திருக்கலாம். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று, எனவே அந்த எண்ணிக்கை முன்பின் மூன்று. அடுத்த பதிவில் ஆறு வந்தால் 'மங்கிவிட்டது' என்று எழுதிவிடக் கூடாது.

இங்கேயும் கருவியின் கைவேலை உண்டு. மிகப் பிரகாசமான மூலத்தின் நட்டநடுவில் ஓட்டை தெரிந்தால் ஏமாறாதீர்கள். டிடெக்டர் சுமார் 3.2 விநாடிக்கு ஒருமுறைதான் வழக்கமாகப் படிக்கப்படுகிறது. அதற்குள் ஒரே இடத்தில் பல ஃபோட்டான்கள் விழுந்தால் ஒன்றாகக் கூட்டி எண்ணிவிடும், அல்லது தள்ளியே விடும். அதே மூலத்தின் குறுக்கே, டிடெக்டரின் ஓரத்துக்கு இணையாக நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு ஓடினால் அது படிக்கும்போது விழுந்த கறை. கேலக்ஸி எம்87-இன் நடுவிலிருந்து பாயும் 5,000 ஒளியாண்டு நீளத் தாரை உண்மையானது. அதில் முடிச்சுகள் உண்டு, ஹபிளிலும் ரேடியோவிலும் அதே இடத்தில் தெரியும். இரண்டு வேறு தொலைநோக்கிகள் ஒரே பொய்யைச் சொல்வது அரிது.

கருந்துளையை எடை போடுதல்

எம்87-க்கு வந்துவிட்டோம், எடையும் போட்டுவிடலாம். தேவை இரண்டு எண்கள்: கருந்துளையைச் சுற்றியுள்ள வட்டில் வாயு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது. 1993 டிசம்பரில் ஹபிளின் பார்வைக் கோளாறைச் சரிசெய்த சில மாதங்களிலேயே, அதன் மங்கல் பொருள் நிறமாலைமானியை (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) எம்87-இன் மையத்துக்கு இருபுறமும் கால் ஆர்க் விநாடி தள்ளி வைத்து நிறமாலை எடுத்தார்கள். அது சுமார் 18 பார்செக் தூரம். அந்தப் பதிவுகள் இன்னும் மாஸ்ட்டில் இருக்கின்றன.

ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேலக்ஸி முழுவதுமே நம்மைவிட்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதால் அந்தக் கோடு 502.8-க்கு நகர்ந்துவிடும். மையத்தின் ஒரு பக்கத்தில் வாயு நம்மை நோக்கி வருவதால் அதிலிருந்து 0.92 நானோமீட்டர் நீலத்துக்கும், மறுபக்கத்தில் விலகிப் போவதால் அதே அளவு சிவப்புக்கும் விலகும். 0.92-ஐ 500.7-ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு சுமார் 550 கிலோமீட்டர்.

இப்போது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி 0.0043-ஆல் வகுக்கவேண்டும். வேகம் கிலோமீட்டரிலும் தூரம் பார்செக்கிலும் இருந்தால் ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு அதுதான், விடை சூரிய எடையில் வரும். 550 பெருக்கல் 550 பெருக்கல் 18, வகுத்தல் 0.0043: சுமார் 127 கோடி. ஆனால் வட்டு நமக்குச் சாய்வாக இருப்பதால் உண்மை வேகத்தில் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறோம். சாய்வு 42 பாகை என்று எடுத்துக்கொண்டால் 127-ஐ, 42 பாகையின் சைன் மதிப்பின் வர்க்கமான 0.448-ஆல் வகுக்கவேண்டும். 283 கோடி சூரியன்! 1994-இல் அவர்கள் வெளியிட்ட எண் 240 கோடி, முன்பின் 70 கோடி. உங்கள் கைக்கணக்கு அதற்குள் விழுகிறது.

இந்த எண்ணோடு மகிழ்ந்து நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. 2011-இல் விண்மீன்களின் இயக்கத்தை வைத்துப் போட்டவர்களுக்கு 660 கோடி வந்தது. 2013-இல் மீண்டும் வாயுவை வைத்து, ஹபிளின் வேறொரு நிறமாலைமானியில் எடுத்தபோது 350 கோடி. 2019-இல் கருந்துளையின் நிழலையே படம்பிடித்த ஈவென்ட் ஹொரைசன் குழு சொன்னது 650 கோடி. வாயு அழகான வட்டத்தில் சுற்றுகிறது என்ற அனுமானமும், நாம் எளிதாக எடுத்துக்கொண்ட அந்த 42 பாகையும்தான் இடறும் இடங்கள். சாய்வை 30, 35 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், எடை எப்படித் துள்ளுகிறது என்று தெரியும். விடைக்குப் பக்கத்தில் அனுமானங்களை எழுதாத கணக்கை நான் தொழிலிலும் ஏற்பதில்லை.

அடுத்த இரவுக்கு

கண்டதாக நினைப்பது எதுவானாலும், கோப்பின் பெயர், தேதி, ஃபில்டர், அளவுகோல், செய்த சோதனைகள் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத்தான் பிறரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்கவும் வேண்டாம். 2007-இல், பொதுமக்கள் இணையத்தில் கேலக்ஸிகளை வகைப்படுத்தும் கேலக்ஸி ஜூ திட்டத்தில் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த டச்சுப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஒரு கேலக்ஸியின் அருகே தெரிந்த விசித்திரமான ஒளித்திட்டு என்னவென்று கேட்டார். அந்தக் கேலக்ஸியின் கருந்துளை முன்பு பிரகாசமாக எரிந்தபோது வெளிவந்த ஒளி, இப்போது தொலைவிலுள்ள வாயுவில் பட்டு மின்னுகிறது என்று பிறகு தெரியவந்தது. ஹபிளே அதைப் படம்பிடித்தது.

நான் எடுத்து வைக்கச் சொன்ன பொருந்தாத வரிசைகளுக்கு வருவோம். டாப்கேட்டில் வல ஏற்றம் 17 மணி 28 நிமிடம் 41 விநாடி, விலக்கம் தெற்கே 0 பாகை 34 கலை (ஆர்க் நிமிடம்) 52 விகலை (ஆர்க் விநாடி) என்று கொடுங்கள். கையாவின் அட்டவணையில் 13.8 ஒளிர்வெண்ணுடன், சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன் ஒன்று வரும். அதற்கு இரட்டை விண்மீன் அட்டவணையிலும் ஒரு வரி உண்டு: சுமார் 186 நாளுக்கு ஒரு சுற்று. அதைச் சுழற்றும் துணை 9.6 சூரிய எடை. 1,560 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கையா பிஎச்1 அது, நாம் அறிந்தவற்றில் பூமிக்கு மிக அருகிலுள்ள கருந்துளை. அந்த இடத்தின் படத்தை டிஎஸ்9-இல் திறந்து, அளவுகோலை எப்படி மாற்றினாலும், விண்மீனின் பக்கத்தில் எதுவும் தெரியாது.